பிளாக் பெப்பர் பாடிய வேகம்

வாஞ்சிநாதனின் குரல் பதினாறு வயதில் உடைந்து கீழே இறங்கியது. மற்றப் பையன்களுக்குக் கொஞ்ச நாளில் ஓரிடத்தில் நிலைத்தது. அவனுக்கு நிற்காமல் இறங்கிக்கொண்டே போய், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனது.

மட்டாஞ்சேரியில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருக் கோயிலில் சனிக்கிழமைதோறும் பஜனை. வாஞ்சி வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் சுருதி இறங்கும், அவரைப் பார்த்து அடுத்தவர் இறங்குவார். நாலு வரிக்குள் கூட்டம் முழுவதும் கீழே வந்துவிட, ஆர்மோனியம் மட்டும் மேலே தனியாக நிற்கும். மிளகுக் கம்பெனியில் கணக்குப் பார்த்த அவன் அப்பா விஸ்வேஸ்வரன் ஒருநாள் ஜால்ராவை அவன் கையில் கொடுத்தார்.

"நீ தாளம் போட்டாப் போரும்டா. வாயைத் திறக்கண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கோபமில்லாத சிரிப்புத்தான். தங்கை சீதாலக்ஷ்மிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியாரும் ஒருமுறை அவனைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இந்தத் தொண்டைக்கு ஏத்த தம்புராவை இனிமேத்தான் பண்ணணும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். வாஞ்சிக்குப் பாட வேண்டும். அதைத் தவிர அவன் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு அது நடக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எழுபத்துமூன்றில் நெல்சன் கொறெயா வந்தான். வாஞ்சியோடு கல்லூரியில் படித்தவன், போர்ட் கொச்சிக்காரன், டிரம்ஸ் வாசிப்பான். அவன் மாமா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கொடுத்துவந்தார். ஓர் அமெரிக்கக் கப்பலின் சமையல்காரன் ஊருக்குத் திரும்பும்போது தன் ரெக்கார்ட் பிளேயரையும் ஒரு கட்டு ரெக்கார்டுகளையும் அவரிடம் விட்டுப்போனான். அமெரிக்க மெஷின், நம் ஊர் வோல்டேஜில் போட்டால் கருகிவிடும். பாலஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர் டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தார். ரொட்டி அளவில் இருந்தது. சூடேறும், வார்னிஷ் நாற்றம் வரும். ஆனால் தட்டு சுற்றியது. தட்டு சுற்றினால் வேறென்ன வேண்டும் என்று எல்லோரும் திருப்தியாக இருந்துவிட்டார்கள்.

மெஷினை வைக்க ஹனீப் இடம் கொடுத்தான். அவன் கச்சி மேமன் என்கிற முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பையன், கிட்டார்காரன். பஜார் ரோட்டில் அவன் வாப்பாவின் மிளகுக் குடோனுக்கு ஒரு மாடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தராசு ஓய்ந்திருக்கும். நாலாமவன் ராசப்பன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து படகுத்துறையில் டீக்கடை போட்டவர். ராசப்பன் பகலில் டீ ஆற்றுவான், மற்ற நேரத்தில் பேஸ் கிட்டார் பழகுவான்.

முதல் ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் மாடியில் உட்கார்ந்தார்கள். மிளகுத் தூசியில் மாறி மாறித் தும்மினார்கள். நெல்சன் ஒரு ரெக்கார்டைப் போட்டான். லேபிள் பாதி உரிந்திருந்ததால் பாடியவன் பெயர் தெரியவில்லை. படகேறப் போகிற பெண்ணைப் போகாதே என்று ஒருவன் கேட்கிற பாட்டு. குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது. அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் நின்று, அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் போனான்.

நெல்சன் வாஞ்சியைப் பார்த்துத் துள்ளி எழுந்தான். "எடா சுவாமி, இது உன்ட சத்தமாக்கும்!"

"ஆமால," என்றான் ராசப்பன். "நம்ம சாமி தூங்கி எந்திரிச்சுக் காப்பி கேட்ட மாதிரியே இருக்கு."

வாஞ்சி சிரிக்கவில்லை. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். உலகத்தில் இன்னொரு தொண்டை இப்படி இருக்கிறது, அதை ரெக்கார்டில் அடித்து விற்கிறார்கள், ஜனங்கள் வாங்குகிறார்கள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

நோட்டேஷன் படிக்க யாருக்கும் தெரியாது. ரெக்கார்டைக் கேட்டுக்கேட்டுப் பழகினார்கள். கிட்டார் அந்தச் சுருதியில் சேரவில்லை. ஹனீப் தந்திகளைத் தளர்த்திக்கொண்டே போய்ச் சேர்த்தான். தந்தி தொங்கியது, விரல் பட்டால் லேசாக முனகியது. ராசப்பனும் தளர்த்தினான். நெல்சன் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னான். குழுவுக்கு 'பிளாக் பெப்பர்' என்று பெயர் வைத்தார்கள். இடத்தைக் கொடுத்தது மிளகுதானே என்றான் ஹனீப்.

ஈஸ்டர் சமயத்தில் போர்ட் கொச்சியில் ஒரு சர்ச் ஹாலில் முதல் கச்சேரி. கொச்சியில் அப்போது வேறு குழுக்களும் இருந்தன. எல்லாம் துள்ளல், எல்லாம் கூச்சல். இவர்கள் ஆரம்பித்ததும் ஹாலில் பேச்சு நின்றது. நெல்சன் ஓர் அடி அடித்தால், அடுத்தது வருமா வராதா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாஞ்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அவன் வாயைத் திறந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடி எப்போதுமே அதிரும் என்று ராசப்பன் சொல்வான், பக்கத்தில் மீன் லாரி போகும். எப்படியோ, அன்றைக்கு ஆடுவதை விட்டு வெகுகாலமாகியிருந்த கிழவர்களெல்லாம் மனைவிகளை எழுப்பிக்கொண்டு வந்து ஆடினார்கள்.

பிறகு எர்ணாகுளம் வந்தது, கல்லூரி விழாக்கள் வந்தன, பெங்களூர் வந்தது. ஒரு மெட்ராஸ் பத்திரிகை, இந்தியாவிலேயே மிக மெதுவாக வாசிக்கும் ராக் குழு, அவசரப்படாமல் இதயத்தைப் பிடுங்குகிறது என்று எழுதியது. மற்றக் குழுக்கள் அவர்களைப்போல் வாசித்துப் பார்த்தன. தந்தியைத் தளர்த்த வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஹனீப் மேடைக்குப் பின்னால் சுருதி சேர்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்வான்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளப்பில் வாசித்தபோது அமெரிக்க மாலுமி ஒருவன், கறுப்பன், உயரமானவன், மேடைக்கு வந்து வாஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டான். எங்கே கற்றாய் என்று கேட்டான். ரெக்கார்டு கேட்டு என்றான் வாஞ்சி. அந்த ரெக்கார்டு எனக்கும் வேண்டுமே என்று மாலுமி சொல்லிவிட்டு, கையை விடாமல் வெகுநேரம் சிரித்தான். வாஞ்சி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். ஒருவேளை பாராட்டாகவும் இருக்கலாம்.

வீட்டில் விஸ்வேஸ்வரன் மட்டும், "எந்தாடா இது, எழவு விழுந்த ஆத்துல அழறாப்பல?" என்றார். அம்மா கனகாம்பாள் விட்டுக்கொடுக்கவில்லை. "மெல்லப் பாடறதுதான் நன்னா இருக்கு. ஒண்ணும் மனசிலாகல்லேன்னாலும் கேக்கறதுக்குச் சமயம் கிடைக்கறது."

வாஞ்சி பஜனைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். தெருவில் நடக்கும்போது தலையை நிமிர்த்தி நடந்தான். மேடையில் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்குமுன் அந்தப் பெயர் தெரியாதவனை நினைத்துக்கொள்வான். கடலுக்கு அந்தப்புறத்தில் அவன் இருக்கிறான். அவன் பாடுவதால் நானும் பாடலாம்.

எழுபத்தொன்பதில், பெருநாள் முடிந்த ஒரு மத்தியானம், ஹனீப் வீட்டில் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் மச்சான் துபாயிலிருந்து வந்திருந்தார். கூடவே ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்றும் வந்திருந்தது. மேலே பூ வைத்துத் தைத்த துணி போட்டு மூடியிருந்தார்கள். நிங்ஙள் பாடற அமெரிக்கப் பாட்டு இதிலுண்டு என்று மச்சான் ஒரு கேசட்டைத் திணித்தார்.

கிட்டார் எடுப்பு வந்தது. அவர்களுடைய எடுப்புத்தான். ஆனால் உயரத்தில் கேட்டது, ஓடியது. பிறகு குரல் வந்தது. மெல்லிசான, இளசான குரல். படகேறும் பெண்ணை அவனும் போகாதே என்றுதான் கேட்டான், ஆனால் துள்ளிக்கொண்டு கேட்டான்.

நெல்சன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ஆருடா இவன்? எங்க சர்ச்சுல குர்பானைப் பூசைக்குப் பாடற பையனோ?"

"டேப் ஸ்பீடாயிட்டு ஓடறது," என்றான் ஹனீப்.

"புது செட்டாணு!" என்றார் மச்சான் கோபமாக. ஒரு மலையாள சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். அது சரியாக ஓடியது. மறுபடி இவர்கள் பாட்டைப் போட்டார். அந்தப் பையன் மறுபடி துள்ளினான்.

"சாமி, சாப்பிடு," என்றான் ராசப்பன். வாஞ்சி கை கழுவ எழுந்துபோனவன் திரும்பி வரவில்லை. நேரே குடோனுக்குப் போய், மெஷினையும் டிரான்ஸ்பார்மரையும் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

சீதாலக்ஷ்மி பிஸிக்ஸில் பி.எஸ்ஸி. முடித்து, களமசேரியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அதிகம் பேச மாட்டாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு மெஷினைக் குப்புறப் போட்டு, அடியில் இருந்த தகட்டை ஈரத்துணியால் துடைத்துப் படித்தாள்.

"இதுல அறுபதுன்னு போட்டிருக்கு."

"எந்து அறுபது?"

"கரண்டு. அமெரிக்காவுல விநாடிக்கு அறுபது தடவை முன்னும் பின்னும் போகும். நமக்கு அம்பது. இந்த மோட்டார் அதைப் பார்த்துத்தான் சுத்தும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்கும், இதை மாத்தாது."

"அதனால?"

"அதனால இங்கே மெல்லச் சுத்தியிருக்கு. ஆறு பங்குல அஞ்சு பங்கு. மெல்லச் சுத்தினா குரலும் இறங்கும். நீங்க கேட்டது ஒண்ணும் அவன் பாடினதில்லை."

வாஞ்சி குனிந்து அந்த எண்ணைத் தானே ஒருமுறை படித்தான். "இதை நீ அப்பவே பார்த்துச் சொல்லியிருக்கலாமே."

"அந்தக் குடோனுக்கு நீ என்னை என்னைக்குக் கூட்டிண்டு போனாய்? பொண்ணுகள் வரப்படாதுன்னாய்."

அவன் மெஷினை நிமிர்த்தி வைத்தான். பிறகு, "அப்போ என்னைப்போல ஒரு குரல் ஆருக்குமே இல்லையா, சீதே?" என்று கேட்டான்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சீதா யோசித்துப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னாள்: "லோகம் பெரிசு. எங்கேயானும் இருக்கும். இந்த ரெக்கார்டுல இல்லை."

அடுத்த ஞாயிறு நாலு பேரும் மாடியில் கூடினார்கள். ஹனீப் தீர்மானத்தோடு வந்திருந்தான். "இனி எல்லா வீட்டிலும் கேசட் வரும். ஒரிஜினல் கேட்டா ஆளுகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சரியான ஸ்பீடுக்கு மாறணும்."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும்ல," என்றான் ராசப்பன். "ஆறு வருசமா இதைக் கேட்டுத்தான அழுதானுவ? இப்ப வந்து கண்ணீரைத் திருப்பிக் கேப்பானா?"

"நீ டீ ஆத்து. இது மியூசிக்."

"ஆத்தத்தான் செய்தேன். நீயும் குடிக்கத்தான் செய்த."

நெல்சனுக்கு எப்படி இருந்தாலும் சரி. வேகமாக அடிக்கக் கிடைத்தால் கை சந்தோஷப்படும் என்றான். தளர்த்தியது தப்பு என்றால் முறுக்குவதுதானே சரி என்று வாஞ்சிக்கே பட்டது. ஹனீப் தந்திகளை முறுக்கினான். பழகிப்போன தந்திகளில் ஒன்று அறுந்தது. புதுசு போட்டு முறுக்கினான். முனகல் போய்விட்டது. இப்போது பிளாக் பெப்பர் எர்ணாகுளத்தில் இருக்கும் எந்தக் குழுவைப்போலவும் கேட்டது.

வாஞ்சியால் அந்த உயரத்தில் பாட முடியவில்லை. சுருதியைக் கீழேயே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டலாம் என்றான் நெல்சன். அந்தக் குரல் ஓடப் பழகாதது. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. மேடையில் பாதிப் பாட்டை வேகமாகவும் பாதியை மெதுவாகவும் பாடித் தப்பிக்கப் பார்த்தார்கள். களமசேரியில் மாணவர் விழா ஒன்றில், மெதுவான பாட்டு ஆரம்பித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "சேட்டா, பேட்டரி தீர்ந்நோ?"

அரங்கம் முழுவதும் சிரித்தது. அதற்குப்பின் எங்கே போனாலும் யாராவது ஒருவன் அதைக் கேட்டான். சிரிப்பு வாஞ்சிக்குப் புதிதில்லை, ஜால்ரா காலத்திலேயே கேட்டவன். வேறொன்றுதான் அவனைப் படுத்தியது. முன்பெல்லாம் வாயைத் திறக்குமுன் கடலுக்கு அப்பால் ஒருவன் இருந்தான். இப்போது நினைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் பையன் துள்ளிக்கொண்டு நின்றான். தனக்கு இந்தக் குரலில் பாட அனுமதி கொடுத்தவர் யாரும் இல்லை என்று வாஞ்சிக்குத் தெரிந்துபோயிற்று. அது தெரிந்தபின் குரல் மேடையில் பாதி வழியிலேயே நின்றது.

எண்பத்திரண்டில் நெல்சனின் அத்தை மகளுக்குக் கல்யாணம். போர்ட் கொச்சியில் சர்ச் ஹால், சாயங்கால வரவேற்பு. அதற்குள் ஹனீப் எர்ணாகுளத்திலிருந்து ஒரு புதுப் பாடகனைக் கொண்டுவந்திருந்தான். உயரக் குரல், இறுக்கமான சட்டை, டிஸ்கோப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டத் தெரியும். எல்லாப் பாட்டும் அவனுக்கு. படகுப் பாட்டு மட்டும் வாஞ்சிக்கு, அதுவும் புது வேகத்தில்.

"சரியாப் பாடினால் தொடர்ந்து பார்க்கலாம்," என்றான் ஹனீப். "இல்லெங்கில், நீயே மனசிலாக்கணும்."

வாஞ்சிக்கு அது மனசிலாயிற்று. மைக்குக்கு முன்னால் வந்து நின்றான்.

நெல்சன் குச்சிகளைத் தட்டி வேகமாக எண்ணினான். கிட்டார் எடுப்பு ஓடியது. வாஞ்சி நுழைய வேண்டிய இடம் வந்தது, போனது. ஹனீப் முறைத்துவிட்டு எடுப்பை இன்னொரு முறை வாசித்தான். அந்த இடமும் வந்தது, போனது. யாரோ கைதட்டினார்கள்.

அப்புறம் வாஞ்சி பாடினான். பழைய சுருதியில், பழைய நடையில், ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் நின்று பாடினான். டிரம்ஸ் அவனைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ராசப்பன் ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்தான். வாசித்துக்கொண்டே ஒரு கையால் பேஸ் கிட்டாரின் முறுக்காணியைத் திருகி, தந்தியைத் தளர்த்தி, வாஞ்சியின் சுருதிக்கு வந்து சேர்ந்தான். நெல்சன் இன்னும் கொஞ்ச தூரம் தனியாக ஓடிவிட்டுக் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். ஹனீப் தன் ஆம்ப்ளிபையரை அணைத்தான்.

மிச்சம் ஒரு குரலும் ஒரு பேஸ் கிட்டாரும். சிலர் இது தமாஷ் ஐட்டம் என்று நினைத்துச் சிரித்தார்கள். பந்தி திறந்த மணம் வந்ததும் பாதிப்பேர் எழுந்தார்கள். நாற்காலிகள் நகரும் சத்தத்தில் வாஞ்சி பாடினான். கடலுக்கு அப்பால் இப்போது யாரும் நிற்கவில்லை என்று கவனித்தான். குரல் அவனிடமிருந்து கிளம்பி நேரே போய்க்கொண்டிருந்தது. அவனுக்குச் சந்தோஷமோ துக்கமோ வரவில்லை. வெகுநாளாக வலித்த பல் இன்று வலிக்கவில்லையே என்று கவனிப்பதுபோல் கவனித்தான். பாட்டை முழுசாக முடித்தான்.

கீழே இறங்கியதும் ஹனீப் கேட்டான். "வேணும்னே செஞ்சதோ?"

"ஆமா."

"இனி நீ வரண்டா."

"வரல்லை."

"கல்யாண வீட்டுல வழக்கு வேண்டா," என்று நெல்சன் இருவர் கையிலும் ஆளுக்கொரு துண்டு கேக்கைத் திணித்தான். மூன்று பேரும் நின்று தின்றார்கள். புதுப் பாடகன் மேடையில் மைக்கைச் சரிசெய்துகொண்டு இவர்களுக்காகக் காத்திருந்தான்.

பிளாக் பெப்பர் அதற்குப்பின் இரண்டு வருஷம் இருந்தது. பெயரை மாற்றிக் கானமேளைக் குழுவாகி, திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசித்தது. நெல்சன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனான். ஹனீப் வாப்பாவின் மிளகுக் கணக்கில் உட்கார்ந்தான். ராசப்பன் கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக டீக்கடை போட்டான். வாஞ்சிக்கு எர்ணாகுளத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் ராசப்பன் கடைக்கு வந்து ஒரு சாயா குடிப்பான்.

எண்பத்தேழில் ஒருநாள் பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுவாமியல்லே பண்டு பாடியது? பிளாக் பெப்பர்? காலேஜில் படிக்கும்போது நான் கேட்டிருக்கேன்."

"ஆமா."

"அந்தப் படகுப் பாட்டு. அதோட கேசட் இப்போ என் கையில உண்டு. பறஞ்சா வருத்தப்படாதீங்க. நீங்க தப்பாப் பாடியிருக்கீங்க. அந்த ஆள் நல்ல ஸ்பீடாப் பாடறான்."

ராசப்பன் பாலை ஆற்றுவதை நிறுத்தினான்.

"அவன் அப்படித்தான் பாடுவான்," என்றான் வாஞ்சி. "இப்படி நான்தான் பாடுவேன்."

"எப்படி?"

கேலி இல்லை, அவர் மறந்துபோய்த்தான் கேட்டார். வாஞ்சி கிளாஸைக் கீழே வைத்தான். ஆலுவா, ஆலுவா என்று கிளீனர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். வாஞ்சி முதல் வரியைப் பாடினான். பெஞ்சில் இருந்த இரண்டு கொத்தனார்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வரி பாதியில் இருக்கும்போது அவருடைய பஸ் வந்தது. அவர் எழுந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பஸ் போயிற்று.

"போதும்ல?" என்றான் ராசப்பன்.

வாஞ்சி இல்லை என்று தலையசைத்துவிட்டு மூன்றாம் வரியை எடுத்தான்.